படகு ட்ரெய்லர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாடைக்கால மழை ஓய்ந்து, கரையில் ஏற்றி வைத்த படகுகளை இறக்கும் நேரம் இது. லொறிக்குக் கூலி கொடுப்பதைவிடச் சொந்தமாக ஒரு ட்ரெய்லர் வைத்துக்கொள்ளலாமா என்று மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே விதமான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாகப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் பதினெட்டரை அடி ஃபைபர் படகும் 25 குதிரைவலு எஞ்சினும் உள்ளன. வாவியிலும் தொழில் செய்கிறேன், காலம் பார்த்து வாழைச்சேனைப் பக்கமும் போகிறேன். எத்தனை அடி ட்ரெய்லர் வாங்க வேண்டும்?
(கல்லடி வாசகர்)

பதில்: முதலில் எடை, பிறகுதான் அடி. பதினெட்டரை அடிப் படகு தாங்கும் என்று விற்பவர் சொன்னால், எத்தனை கிலோ தாங்கும் என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத ட்ரெய்லரை வாங்க வேண்டாம்.

படகை வாங்கியபோது சொன்ன எடையையும் நம்பிவிடாதீர்கள். பழைய ஃபைபர் படகில் தளத்துக்கு அடியிலுள்ள நுரையும் மரச்சட்டமும் வருடக்கணக்காகத் தண்ணீர் குடித்திருக்கும். நெல் லொறிகளை நிறுக்கும் ஆலை ஒன்றின் பாரத்தராசில் லொறியைப் படகோடு ஒரு முறையும், வெறுமனே ஒரு முறையும் நிறுத்தால் கணக்குத் தெரிந்துவிடும். நிறுக்க முடியாவிட்டால் இப்படிக் கூட்டிப் பாருங்கள்: படகு 320 கிலோ, இரண்டு ஸ்ட்ரோக் 25 குதிரைவலு எஞ்சின் சுமார் 50, மண்ணெண்ணெய் 25 லீற்றர் என்றால் 20, வலை 60, நங்கூரம், கயிறு, ஐஸ் பெட்டி எல்லாம் 30. மொத்தம் 480 கிலோ. நனைந்த வலையை ஏற்றுவதானால் இன்னும் கூடும். ட்ரெய்லரின் சொந்த எடை 170 என்று வைத்தால் 650. அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கையிருப்பாக வையுங்கள். ஆகவே உங்களுக்கு வேண்டியது மொத்தம் 800 கிலோ தாங்கும் அச்சும் ஸ்பிரிங்கும்.

டயரை அடுத்துப் பாருங்கள். 800 கிலோவை இரண்டு டயர் சுமந்தால் ஒன்றுக்கு 400. டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு இலக்க எண் அது தாங்கும் சுமையைச் சொல்லும்: 75 என்றால் 387 கிலோ, 80 என்றால் 450, 88 என்றால் 560. சிறிய கார்களின் டயர் பல 75க்குப் பக்கத்தில் நின்றுவிடும், உங்களுக்குப் போதாது. சிறிய லொறிகளுக்குப் போடும் 12 அங்குல டயர், உதாரணமாக 155ஆர்12சி, தாராளமாகத் தாங்கும். வழியில் வெடித்தாலும் அந்த அளவு டயர் எந்த ஊரிலும் கிடைக்கும். மேலதிக டயர் ஒன்றைக் கட்டாயம் கொண்டுபோங்கள்.

இனி நீளம். எஞ்சின் மாட்டும் பின்பலகைக்கு நேர் கீழே ட்ரெய்லரின் தாங்குகட்டைகள் முடிய வேண்டும். பின்பலகை ஒரு அடி வெளியே தொங்கினாலும், குழியில் விழும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் அந்த இடத்தைக் கீழே இழுக்கும். நாளடைவில் படகின் அடித்தளம் வளைந்து, கடலில் மூக்கைக் குத்தி ஓடத் தொடங்கும். நம் பக்கத்து ஃபைபர் படகுகளுக்கு நடுவே ஏராவுக்கு (படகின் அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகுக் கட்டைக்கு) ரப்பர் உருளைகளும், இரு பக்கமும் நீளவாட்டில் கார்பெட் சுற்றிய கட்டைகளும் சேர்ந்த அமைப்பு நல்லது. பாரத்தை உருளைகள் ஏற்க வேண்டும். பக்கக் கட்டைகள் சரியாமல் பிடிக்க மட்டும். பக்கவாட்டுக் குட்டி உருளைகள் மட்டுமே உள்ள ட்ரெய்லரில் மெல்லிய ஃபைபர் படகை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால், உருளை தொட்ட இடமெல்லாம் குழி விழும்.

கேள்வி: எங்கள் ஊர் வெல்டிங் கடையில் பொக்ஸ் இரும்பில் மலிவாகச் செய்து பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா? இலக்கத்தகடு வேண்டுமா?
(வாழைச்சேனை வாசகர்)

பதில்: இலக்கத்தகடு வேண்டும். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் ட்ரெய்லரும் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள் வருகிறது. எஞ்சின் இல்லை, நான் இழுத்துக்கொண்டுதானே போகிறேன் என்ற வாதம் வீதியில் எடுபடாது. அதற்குத் தனிப் பதிவு, தனி இலக்கம், ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி எல்லாம் தேவை. இழுக்கும் வாகனத்தின் இலக்கத்தை எழுதி ட்ரெய்லரின் பின்னால் மாட்டுவது பதிவுக்கு ஈடாகாது.

இதில் வரிசைதான் முக்கியம். பலர் ட்ரெய்லரைச் செய்து முடித்து, பெயின்டும் அடித்து, அதன் பிறகு பதிவுக்கு அலைகிறார்கள். இரும்பு வெட்டுவதற்கு முன்பே ஒரு தாளில் நீள அகலம், அச்சின் அளவு, டயர் அளவு, கப்ளிங் (வாகனத்தின் பந்தில் மாட்டும் முனை) வகை, உத்தேச வெற்று எடை எல்லாவற்றையும் வரைபடத்தோடு குறித்துக்கொண்டு உங்கள் மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போங்கள். அந்தக் கடை செய்யும் ட்ரெய்லரைப் பதிய முடியுமா, யார் பரிசோதிப்பார், எந்தெந்த ஆவணங்கள் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரும்பு, அச்சு, டயர் வாங்கிய பற்றுச்சீட்டுகளையும் கடையின் விலைப்பட்டியலையும் பத்திரப்படுத்துங்கள். சட்டகத்தில் அடிக்கும் இலக்கம் கழுவித் துடைத்துப் பார்க்கக்கூடிய இடத்தில், அணியப் பக்கமாக (படகின் முன்பக்கமாக) இருக்கட்டும். பழைய ட்ரெய்லரின் இலக்கத்தைப் புதுச் சட்டகத்துக்கு மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அது குற்றம். விபத்து நடந்தால் காப்புறுதியும் கைகொடுக்காது.

இரும்பைப் பற்றி: பொக்ஸ் இரும்பு, அதாவது சதுரக் குழாய், வேண்டாம். உவர்நீர் அதன் உள்ளே போகும், வெளியே வராது. வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளிருந்து துரு தின்றுகொண்டே வரும். ஒரு நாள் கப்ளிங்குக்குப் பின்னால் சட்டகம் மடிந்த பிறகுதான் தெரியும். திறந்த சி வடிவ இரும்பு எடுங்கள். எல்லாப் பக்கமும் கண்ணுக்குத் தெரியும், கழுவலாம், திரும்பப் பெயின்ட் அடிக்கலாம்.

வசதி இருந்தால் உருகிய நாகத்தில் (துத்தநாகத்தில்) முக்கி எடுக்கும் கல்வனைசிங் செய்யுங்கள். 3 முதல் 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்பில் சராசரியாக 70 மைக்ரோன், அதற்கு மேல் தடித்ததில் 85 மைக்ரோன் பூச்சு வர வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். டப்பாவில் விற்கும் வெள்ளிப் பெயின்ட் இதற்கு ஈடாகாது. முக்குவதற்கு முன் எல்லா வெல்டிங்கும் எல்லாத் துளையும் முடிந்திருக்க வேண்டும். மூடிய குழாய் ஏதாவது இருந்தால் இரு முனையிலும் காற்றுத் துளை போடுங்கள். நாகத் தொட்டி சுமார் 450 பாகை செல்சியஸ் சூட்டில் இருப்பதால் அடைபட்ட குழாய் வெடிக்கும். முக்கி எடுத்த பிறகு அதில் வெல்ட் வைத்தால் பூச்சு எரிந்து போகும், அந்தப் புகையும் நெஞ்சுக்குக் கேடு. முக்கும் செலவோடு போக்குவரத்துக் கூலியையும் கணக்கில் சேருங்கள். கட்டுப்படியாகாவிட்டால், சி இரும்பை வெண்மையாகத் தேய்த்து நாகம் கலந்த எபொக்சி முதற்பூச்சு இரண்டு கை, மேலே எபொக்சி பெயின்ட். ஒவ்வொரு வாடைக்கும் முன் கீறல்களை மூடிவிட வேண்டும்.

கேள்வி: கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறேன். கெப் வாகனத்தின் பின்னால் படகை இழுத்துப் போகும்போது பொலிஸார் நிறுத்தினால் என்னென்ன காட்ட வேண்டும்?
(அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: பி வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு இழுக்கக்கூடிய ட்ரெய்லருக்கு வரம்பு உண்டு: அதன் வெற்று எடை 250 கிலோவைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன ஒற்றை அச்சு ட்ரெய்லர் இதற்குள் அடங்கும். இரட்டை அச்சு ட்ரெய்லர் பெரும்பாலும் அடங்காது; வாங்குவதற்கு முன் பதிவுப் புத்தகத்திலுள்ள வெற்று எடையைப் பாருங்கள். உழவு மெசினால் இழுப்பதென்றால் ஜி வகுப்பும், லான்ட்மாஸ்டரால் இழுப்பதென்றால் ஜி1 வகுப்பும் வேண்டும், பி போதாது.

கையில் இருக்க வேண்டியவை: சாரதி அனுமதிப்பத்திரம், இழுக்கும் வாகனத்தின் வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும், ட்ரெய்லரின் வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும், மீன்பிடிப் படகானால் கடற்றொழில் திணைக்களப் பதிவின் பிரதி. படகின் பதிவு 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. அது ட்ரெய்லருக்குப் பதிவாகாது. படகும் எஞ்சினும் களவு போகும் காலம் என்பதால் எஞ்சின் இலக்கம் எழுதிய சீட்டும் கையில் இருப்பது உங்களுக்கே பாதுகாப்பு. காப்புறுதி நிறுவனத்திடம், கெப் வாகனம் ட்ரெய்லர் இழுக்கும் என்பதை எழுத்தில் சொல்லி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

படகுக்குள் ஆட்களை ஏற்றாதீர்கள், கொஞ்சத் தூரமானாலும் சரி. நீட்டி நிற்கும் எஞ்சினின் விசிறிக்கு ஒரு வாளியைக் கவிழ்த்துக் கட்டி, பகலில் சிவப்புத் துணியும் இரவில் சிவப்பு விளக்கும் போடுங்கள். மோட்டார் சைக்கிள்காரருக்கு அந்த விசிறி கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: என் ஹைபிரிட் காரில் கொக்கி பொருத்தி இழுக்கலாமா?
(மட்டக்களப்பு நகர வாசகர்)

பதில்: காரின் கையேட்டைத் திறந்து இழுவை பற்றிய பக்கத்தைப் பாருங்கள். பல ஹைபிரிட் கார்களில் ட்ரெய்லர் இழுக்க வேண்டாம் என்றே அச்சிட்டிருக்கும். அப்படி இருந்தால் அத்துடன் விடுங்கள்.

கேள்வி: ஒரே பருவத்தில் இரண்டாவது தடவையாகச் சில்லுப் பெயரிங் போய்விட்டது. நல்ல கம்பனிப் பெயரிங்தான் போட்டேன். காரணம் என்ன?
(சாய்ந்தமருது வாசகர்)

பதில்: பெயரிங்கில் குறை இருக்க வாய்ப்புக் குறைவு. நீண்ட ஓட்டம் ஓடி வந்த ஹப், அதாவது பெயரிங் இருக்கும் சில்லின் நடுப்பகுதி, சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு தண்ணீருக்குள் விட்டால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, பின்பக்கச் சீல் வழியாக உவர்நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு படகு கடலில் தொழில் செய்யும், ட்ரெய்லர் கரையில் சும்மா நிற்கும். அந்த நாட்களில்தான் பெயரிங்கின் உருளைகளில் துருப்புள்ளி விழுகிறது. அடுத்த ஓட்டத்தில் புள்ளி உரிந்து, கரகரத்து, சூடேறி, முடிவில் சில்லே கழன்றுவிடும்.

இரண்டாவது தடவை போனதற்கு எங்கள் ஊகம் வேறு. புதுப் பெயரிங் போட்டவர், அச்சில் சீல் உரசும் இடத்தைப் பார்க்காமல் விட்டிருப்பார். அந்த இடத்தில் துருப் பள்ளம் இருந்தால் எத்தனை புதுச் சீல் போட்டாலும் அதன் உதடு தேய்ந்து தண்ணீர் உள்ளே வரும். அடுத்த முறை கழற்றும்போது விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இலேசானால் மெல்லிய எமரித் தாளால் வழுவழுப்பாக்கலாம். நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் என்றால் அச்சின் முனையையே மாற்ற வேண்டும்.

வேலையைச் செய்யும் முறை: சில்லைத் தூக்கி, தொப்பி, ஸ்பிளிட் பின், நட், வாஷர், வெளிப் பெயரிங் என்ற வரிசையில் கழற்றி ஹப்பை இழுத்தெடுங்கள். பழைய கிரீஸ் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் துடைத்து, முழுதாகக் காய விடுங்கள். காற்றுக் குழாயால் ஊதிப் பெயரிங்கைச் சுழற்ற வேண்டாம். உருளையிலோ அது ஓடும் கிண்ணத்திலோ புள்ளி, நீல நிறம், பள்ளம் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய கிண்ணத்தில் புது உருளை நிலைக்காது. தண்ணீரைத் தாங்கும் சில்லுப் பெயரிங் கிரீஸ், இரண்டாம் இலக்கக் கெட்டி (என்.எல்.ஜி.ஐ 2), வாங்குங்கள். உள்ளங்கையில் எடுத்து, பெயரிங்கின் அகன்ற பக்கத்தால் அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும் வரை ஏற்றுங்கள். பழைய கிரீஸ் எந்த வகை என்று தெரியாவிட்டால் கலக்காமல் முழுதாக வழித்தெடுத்துவிடுங்கள், ஏனென்றால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத கிரீஸ் இளகி ஓடிவிடும். ஹப்பின் உள் வெற்றிடத்தையும் நிரப்புங்கள். நிலத்தில் மட்டும் ஓடும் ட்ரெய்லருக்கு அவ்வளவு தேவையில்லை, உங்களுக்குத் தேவை. புதுச் சீலை மரத்துண்டு வைத்துச் சமமாகத் தட்டி இறக்குங்கள்.

நட்டை இறுக்குவதில்தான் பலர் தவறுகிறார்கள். சில்லைச் சுற்றிக்கொண்டே ஸ்பானரால் இறுக்கி, பிறகு முழுதாகத் தளர்த்தி, விரலால் மட்டும் மறுபடி இறுக்குங்கள். ஸ்பிளிட் பின் போகும் துளை நேராகாவிட்டால் தளர்த்தும் பக்கமாகத் திருப்பியே நேராக்குங்கள். சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் உணர்ந்தும் உணராத அளவு அசைவு இருக்கலாம். சுற்றும்போது சத்தம் வரக் கூடாது. ஸ்பிளிட் பின் எப்போதும் புதியது. ஸ்பிரிங் வைத்த கிரீஸ் தொப்பி போட்டால் உள்ளே எப்போதும் சிறிது அழுத்தம் நிற்கும், தண்ணீர் புகாது. ஆனால் கிரீஸ் துப்பாக்கியால் அளவுக்கு மேல் அடித்தால் பின் சீல் கழன்று, சில்லின் உட்பக்கம் முழுக்கக் கிரீஸ் வழியும்.

இதற்கு மேல் இரண்டு பழக்கம். துறைக்கு வந்ததும் ஹப்பில் கை வையுங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் அரை மணி நேரம் ஆறவிட்டு இறக்குங்கள். பெயரிங், சீல், கிரீஸ் எல்லாம் போட்டுத் தயாராக்கிய முழு ஹப் ஒன்றை, நட்டும் பின்னும் சேர்த்து, பொலித்தீன் பையில் கட்டி வாகனத்தில் வைத்திருங்கள். இரவில் வீதியோரத்தில் பெயரிங் கிண்ணம் தட்டிக்கொண்டிருக்க முடியாது.

கேள்வி: பொத்துவில் வீதியில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் ட்ரெய்லர் இரு பக்கமும் ஆடுகிறது. டயர் புதிது.
(திருக்கோவில் வாசகர்)

பதில்: கப்ளிங்கின் மேல் இறங்கும் மூக்கு எடை குறைவு. படகில் எஞ்சின், எண்ணெய், வலை மூன்றும் பின்னால் இருப்பதால் இப்படி ஆகும். சமதரையில் கப்ளிங்குக்குக் கீழே ஆள் நிறுக்கும் தராசை வைத்து, நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, வாகனத்தில் பூட்டும் அதே உயரத்தில் தராசைப் பாருங்கள். மொத்த எடையில் 7 முதல் 10 வீதம் வர வேண்டும்: 650 கிலோவுக்கு 45 முதல் 65 கிலோ. உங்கள் வாகனத்தின் கையேடு இதைவிடக் குறைந்த எல்லை சொன்னால் அதுவே எல்லை.

குறைந்தால் முதலில் சாமான்களை நகர்த்துங்கள். வலையை அணியத்துப் பக்கம் போடுங்கள், எண்ணெய்க் கலனை வாகனத்துக்கு மாற்றுங்கள். போதாவிட்டால் வின்ச் (படகைச் சுற்றி இழுத்து ஏற்றும் உருளை) கம்பத்தை முன்னே தள்ளிப் படகை முன்னே இழுக்கலாம். அப்போது பின்பலகை தாங்குகட்டையில்தான் நிற்கிறதா என்று மறுபடி பாருங்கள். நிற்காவிட்டால் படகை அப்படியே விட்டு, அச்சைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டைத் தளர்த்தி அச்சைப் பின்னே தள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு நகர வேண்டும்: கப்ளிங்கிலிருந்து இரு சில்லின் நடுவுக்கும் நாடா பிடித்து அளந்து பாருங்கள்.

ஆடத் தொடங்கிய நேரத்தில் பிரேக்கை மிதிப்பதும் ஸ்டியரிங்கால் ஈடு கொடுப்பதும் ஆட்டத்தைக் கூட்டும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாக விழ விடுங்கள். கோமாரிப் பக்கத்து வெளியில் பக்கக் காற்று அடிக்கும் நாளில் முன்கூட்டியே மெதுவாகப் போங்கள்.

படகைக் கட்டும் விதமும் இதோடு சேர்ந்தது. வின்ச் நாடா படகை ஏற்றுவதற்கு, பிடித்து வைப்பதற்கு அல்ல. அணியத்து வளையத்திலிருந்து சட்டகத்துக்குத் தனிச் சங்கிலி ஒன்று, பின்னால் இரு பக்கமும் ரட்சட் நாடா இரண்டு வேண்டும். நாடாவில் ஒரு முறுக்குப் போட்டால் காற்றில் படபடக்காது, அறுபடாது. எஞ்சினைக் கழற்றிக் கிடத்திக் கொண்டுபோவதானால் தலைப்பக்கம் விசிறிப் பக்கத்தைவிட உயர்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் குளிரூட்டும் குழாயில் மிஞ்சிய உவர்நீர் சிலிண்டருக்குள் போகும்.

கேள்வி: கப்ளிங் பந்தில் ஏறுகிறது, ஆனால் கடகட என்று ஆடுகிறது.
(ஏறாவூர் வாசகர்)

பதில்: பந்துகள் பல அளவில் வருகின்றன. 50 மில்லிமீற்றர் ஒன்று, 2 அங்குலம் (50.8) இன்னொன்று. கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். 2 அங்குலக் கப்ளிங்கை 50 மில்லிமீற்றர் பந்தில் மாட்டினால் குழியில் துள்ளும்போது கழன்றுவிடலாம். கப்ளிங்கின் மேலே அளவு பொறித்திருக்கும், பந்திலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளிங்குக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலியில் தொங்கும்.

கேள்வி: இடது சிக்னல் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மங்கலாக மின்னுகிறது.
(காத்தான்குடி வாசகர்)

பதில்: எர்த் வயர். சட்டகமும் பந்தும் மின்சாரத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் என்று விட்டிருப்பார்கள்; துருவும் கிரீஸும் நடுவில் வந்தால் மின்சாரம் வேறு பல்புகள் வழியாகத் திரும்பும். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் வெள்ளை வயரைத் தனியாகப் பிளக் வரை கொண்டுவாருங்கள். ஏழு முனைப் பிளக்கில் வழக்கமான நிறங்கள்: மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது சிக்னல், வெள்ளை எர்த், சிவப்பு பிரேக், கறுப்பு இடது வால் விளக்கு, மண்ணிறம் வலது வால் விளக்கு, நீலம் பனி விளக்கு. வாகனத்தின் உள்ளே இதே நிறம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். சோதனை விளக்கால் பார்த்து இணையுங்கள். விளக்குகளையும் இலக்கத்தகட்டையும் கழற்றி மாட்டும் பலகை ஒன்றில் பூட்டிப் படகின் பின்னால் கட்டுவதே சிறந்தது. தண்ணீருக்குள் போகவே போகாது, பின்னால் வருபவருக்கும் நன்றாகத் தெரியும்.

கேள்வி: ட்ரெய்லரை எங்கே தண்ணீரில் இறக்கலாம்? கடற்கரையில் இறக்கினால் புதைகிறது.
(பாலமீன்மடு, கல்முனை, ஒலுவில் வாசகர்கள்)

பதில்: திறந்த கடற்கரையில் ட்ரெய்லரை அலைக்குள் கொண்டுபோகாதீர்கள். அலை திரும்பும்போது சில்லைச் சுற்றியுள்ள மணலை அரித்துப் போகும். அடுத்த அலை படகைத் தூக்கிச் சட்டகத்தின் மேல் போடும். கல்லடி முதல் சாய்ந்தமருது வரையான சரிவுக் கரைகளில் காய்ந்த மணலிலேயே படகை இறக்கி, வழமைபோல் கட்டை உருட்டிக் கடலுக்குத் தள்ளுங்கள். மணலில் போவதற்கு டயர்க் காற்றை 15 பி.எஸ்.ஐ அளவுக்குக் குறைத்தால் அகன்று மிதக்கும். தார் வீதி ஏறுமுன் திரும்ப அடிக்க வேண்டும், ஆகவே கைப்பம்பு கூடவே இருக்கட்டும். வாகனத்தைக் கெட்டி நிலத்தில் நிறுத்தி, இருபது மீற்றர் கயிற்றால் ட்ரெய்லரை மட்டும் இழுப்பது இன்னும் நல்லது. கயிற்றின் நேரே யாரும் நிற்கக் கூடாது.

வாவியில் வேறு பிரச்சினை. நம் கரையில் வற்றுப்பெருக்கின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு, அதைக் காத்திருந்து பயனில்லை. ஆனால் முகத்துவாரம் வெட்டித் திறந்ததும் வாவி நீர்மட்டம் வேகமாக இறங்கும். முன்பு இறக்கிய அதே இடத்தில் சீமெந்துச் சரிவு முடிந்து படியாக விழுந்திருக்கலாம். சில்லு அதில் விழுந்தால் அச்சு சீமெந்து விளிம்பில் மாட்டிக்கொள்ளும். ஒரு தடியோடு இறங்கி அடியைக் குத்திப் பார்த்த பிறகே பின்னே விடுங்கள். படகின் அடித்தக்கை (அடித்தண்ணீரை வடிக்கும் துளையின் அடைப்பு) மூடியிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

இறக்கிய அன்றே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். வாவி நீரும் உவர்தான். கரையோரக் கிணறுகள் பலவற்றின் தண்ணீரும் உவர். நாக்கில் வைத்துப் பார்த்து, உவர்த்தால் குழாய்த் தண்ணீர் எடுங்கள். ஸ்பிரிங் தகடுகளின் இடைவெளி, யூ போல்ட், கப்ளிங்கின் உட்பக்கம் மூன்றையும் விடாதீர்கள்.

கேள்வி: உழவு மெசின் பெட்டியில் படகை ஏற்றிப் போகலாமா? கிட்டங்கிப் பக்கம் ஆற்றிலிருந்து உன்னிச்சைக் குளத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.
(நாவிதன்வெளி வாசகர்)

பதில்: ஊருக்குள் குறுகிய தூரமானால் செய்யலாம், நீண்ட ஓட்டத்துக்கு வேண்டாம். பல பெட்டிகளில் ஸ்பிரிங் இல்லை. பெட்டியின் பின் விளிம்பு ஒற்றைக் கோடாகப் படகின் அடியை அறுக்கும். ஏற்றத்தான் வேண்டுமென்றால் பெட்டித் தளத்தில் மணல் மூட்டைகளை ஏராவின் இரு பக்கமும் அடுக்கி, படகின் பாரம் விளிம்பில் இல்லாமல் மூட்டையில் நிற்கச் செய்யுங்கள். எஞ்சினைக் கழற்றிவிடுங்கள்.

அதைவிட முக்கியம் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை). ஆற்றிலிருந்து ஏற்றிய படகிலும் சட்டகத்திலும் ஒட்டியிருக்கும் ஒரு துண்டு போதும், குளம் முழுவதும் பரவ. இந்நாட்டில் 1909 ஆம் ஆண்டிலேயே இதற்கென்று தனிச் சட்டம் வந்தது, அவ்வளவு கேடு. ஏற்றிய கரையிலேயே உருளைகளின் இடுக்கு, அச்சு, வலை எல்லாவற்றிலும் கையால் பொறுக்கி எடுத்து, கழுவி, படகின் அடித்தண்ணீரையும் அங்கேயே வடித்துவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: வாடைக்காலம் முழுவதும் படகு ட்ரெய்லரிலேயே நின்றது. இப்போது ஸ்பிரிங் நிமிர்ந்து தட்டையாகிவிட்டது, ஒரு டயரும் வெடித்திருக்கிறது.
(களுவாஞ்சிக்குடி வாசகர்)

பதில்: மழைத்தண்ணீர். 5 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலத்துக்கு வெறும் 10 சென்றிமீற்றர் தண்ணீர் நின்றாலே 500 கிலோ. உங்கள் படகு, எஞ்சின், வலை எல்லாம் சேர்ந்த எடையைவிட அது அதிகம். மழை தொடங்கும் முன் அடித்தக்கையைக் கழற்றி, மூக்கை உயர்த்தி நிறுத்துங்கள். தக்கையைக் கயிற்றில் கட்டி வின்ச் பிடியிலேயே தொங்கவிடுங்கள், இறக்கும் நாளில் தேட வேண்டாம். துளை இலையால் அடைபடும், மழை விட்ட ஒவ்வொரு முறையும் பாருங்கள். அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்து டயரில் பாரம் இல்லாமல் தூக்கி வைத்தால் ஸ்பிரிங்கும் தப்பும். தட்டையான ஸ்பிரிங்கை அடித்து வளைத்துப் போடுவார்கள், அது நிற்காது. இரண்டு பக்கமும் புதிது போடுங்கள். வெடித்த டயருக்கு மட்டும் புதிது போட்டுவிட்டு அதே மழையைத் தாங்கிய மற்ற டயரை நம்ப வேண்டாம். அதன் உட்பக்கச் சுவரில் வெடிப்புக் கோடு இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.